முன்இறுக்கிய வடத்தூண் கணக்கில் மதிப்பெண் போகும் இடம்

வடத்தூண் என்பது நடுவில் குறுக்குக் கைகள் பொருத்தி, கைநுனிகளை முன்கூட்டியே இறுக்கிய வடங்களால் தூணின் முனைகளோடு கட்டிய மெல்லிய தூண். அதன் நெளிவுச் சுமையை (தூண் பக்கவாட்டில் வளைந்துவிடும் அமுக்கச் சுமை) கணக்கிடச் சொன்னால் பலர் எழுதுவது: "நடுவில் வடம் பிடிக்கிறது, ஆகவே நெளிவுச் சுமை நான்கு மடங்கு." மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த வரியில்தான். அந்தப் பிடி எவ்வளவு விறைப்பானது என்று காட்டாமல் நான்கு மடங்கை எழுதாதீர்கள்.

எண்களிலேயே பார்க்கலாம். 8 மீட்டர் குழாய்த்தூண், 114.3 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிப்பு, இரு முனையும் கீல். ஆய்லர் சுமை (வடமில்லாத தூணின் நெளிவுச் சுமை) 83 கிலோநியூட்டன். எஸ்355 தர எஃகில் (இளகு தகைவு 355 மெகாபாஸ்கல்) இக்குழாயின் முழு அமுக்க வலிமையோ 609. நடுவில் நான்கு திசையிலும் குறுக்குக் கைகள். கைநுனியிலிருந்து தூணின் இரு முனைக்கும் 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு வடம், உலோகப் பரப்பு 38 சதுர மி.மீ. முறுக்கு வடத்துக்கு யங் குணகம் (இழுத்தால் நீள மறுக்கும் அளவு) 130 ஜிகாபாஸ்கல்தான் (வடக் கட்டமைப்புகளுக்கான சிங்கப்பூர் தரநிலை எஸ்எஸ் இஎன் 1993-1-11). பழக்கதோஷத்தில் சாதாரண எஃகுக்கான 210 போட்டால் பின்வருவது எல்லாமே தப்பு.

நான்கு மடங்கு கிடைக்க நடுவில் தேவையான விறைப்பு, ஆய்லர் சுமையின் 16 மடங்கை நீளத்தால் வகுத்தது: மி.மீ.க்கு 166 நியூட்டன். தூண் சற்றே வளைந்ததும் உட்குழிவுப் பக்க வடம் தளர்ந்துவிடும். அதனால் புறப்பக்க வடங்கள் இரண்டை மட்டும் எண்ணுங்கள். ஒரு வடத்தின் அச்சு விறைப்பு (யங் குணகம் × பரப்பு ÷ நீளம்), அது தூணோடு செய்யும் கோணத்தின் சைன் வர்க்கம், இவற்றின் பெருக்கல் பலனை இரட்டித்தால் போதும். 40 செ.மீ. கைக்கு 24 வரும், 80 செ.மீ. கைக்கு 93; இரண்டும் 166ஐ எட்டவில்லை. விறைப்பையும் நீளத்தையும் பெருக்கி, அதில் 16இல் 3 பங்கை 83உடன் கூட்டினால் நெளிவுச் சுமை முறையே 120, 223 கிலோநியூட்டன். வடத்தைத் தடிமனாக்கும் முன் கையை நீட்டிப் பாருங்கள்.

இது மீள்நிலை மதிப்பு மட்டுமே: தூண் முற்றிலும் நேர், எஃகு இளகாது என்று கொண்டது. 223க்கு மெலிவு விகிதம் (609ஐ 223ஆல் வகுத்ததன் வர்க்கமூலம்) 1.65. யூரோகோடு 3இன் நெளிவு வளைவுகளில், சூடாக முடித்த குழாய்க்கு ஏ வளைவில் சுமார் 192, குளிர்நிலையில் உருவாக்கிய குழாய்க்கு சி வளைவில் சுமார் 165 நிற்கும். வடத்தூணுக்கென்று வரைந்த வளைவுகள் அல்ல இவை. முதல் மதிப்பீடு என்று குறிப்பிட்டு, தூணில் முன்பே உள்ள சிறு வளைவைச் சேர்த்து நேரிலா (nonlinear) ஆய்வு தேவை என எழுதுங்கள்.

முன்இறுக்கத்தின் வேலை, சுமை ஏறித் தூண் வளையுமுன் குறுகும்போதும் வடம் தளராமல் வைப்பது. 223 கிலோநியூட்டனில் ஒவ்வொரு வடமும் இழப்பது ஏறக்குறைய 2.9. அதைவிடக் குறைவாக இறுக்கினால் வடம் முன்பே தளரும்; மிகையாக இறுக்கினால் அந்த விசையே தூணை அமுக்கும். வடத்துக்கு 4 கிலோநியூட்டன் என்றால் தூணில் கூடுதலாக 16 ஏறுகிறது.

சிங்கப்பூர் வெயிலையும் சேருங்கள். தூணும் வடமும் 20 டிகிரி சூடானால், துருப்பிடிக்காத எஃகு அதிகம் நீள்வதால் 0.4 கிலோநியூட்டன் போய்விடும். 3 கிலோநியூட்டன் இறுக்கத்துக்கு 4 மீட்டர் வடம் நீள்வது வெறும் 2.5 மி.மீ. முனைப்பிடி 1 மி.மீ. நழுவினால் ஐந்தில் இரண்டு பங்கு இறுக்கம் காணாமல் போகும். ஆகவே டர்ன்பக்கிளின் (வடத்தை இறுக்கும் திருகு) சுற்றுகளை எண்ணி நிறுத்தாமல், எதிரெதிர் வடங்களைச் சேர்த்தே படிப்படியாக முறுக்கி, இழுவிசையை அளக்க வேண்டும்.