யூ0100 ஃபால்ட் கோடு வந்தால் இசிஎம்மை (இன்ஜின் கண்ட்ரோல் மாட்யூல்) கழற்றாதீங்க: கார் டயக்னோஸ்டிக் பிராக்டிக்கலுக்குப் போறவங்களுக்கு

ரிசல்ட் வந்தாச்சு, இனி தைரியமா சொல்லலாம். நெட்வொர்க் ஃபால்ட்ல மார்க் போறது கேன் (வண்டியோட மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஹை, லோன்னு ரெண்டு வயர் லைன்) தெரியாததால இல்ல, ஸ்கேனரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டரைத் தூக்குறதால.

முதல்ல எல்லா மாட்யூலையும் ஸ்கேன் பண்ணி, பேப்பர்ல ரெண்டு பத்தி போடுங்க: புகார் சொல்றது யாரு, யாரைப் பத்தி. ஏபிஎஸ் (பிரேக்) மாட்யூல்ல யூ0100 கிடந்தா, இசிஎம் பேசறது ஏபிஎஸ்ஸுக்குக் கேட்கலைன்னு அர்த்தம். ஏபிஎஸ், டிசிஎம் (கியர்பாக்ஸ் மாட்யூல்), கிளஸ்டர் (டாஷ்போர்டு) மூணும் இசிஎம்மையே சொல்லி, ஸ்கேனருக்கும் அது பதில் தரலைன்னா தேட வேண்டியது அதோட சப்ளை, எர்த், அதுக்குப் போற கிளை வயர். மாட்யூலே செத்திருக்கும்ங்கிற முடிவு கடைசியில. இந்தப் பத்திக்கு எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும். எழுதின பிறகு ஸ்கேனர்ல ஃபால்ட் கோடுகளை அழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. திரும்ப வராதது, பேட்டரி டவுன்ல கிராங்க் அடிச்சப்போ விழுந்ததாவும் இருக்கலாம்.

அந்த மாட்யூலோட கப்ளர்ல (கனெக்டர்) மீட்டர் 12 வோல்ட் காட்டினா ஓகே போட்டுடாதீங்க. ஒரே ஒரு இழை மிஞ்சின வயரும் 12 காட்டும். சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைங்க. மங்கலா எரிஞ்சா வோல்ட் எங்கேயோ விழுது. டயகிராம் பார்க்காம வேற பின்ல பல்பை வைக்காதீங்க. தடிமனான புரோபைத் திணிச்சா பின் விரிஞ்சு புது ஃபால்ட் ஆகும்.

அப்புறம்தான் ஓம்ஸ். பேட்டரி நெகடிவ் கழற்றி, ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்டோட பின் 6க்கும் (கேன் ஹை) 14க்கும் (கேன் லோ) நடுவுல:

60: ரெண்டு முனை ரெசிஸ்டரும் இருக்கு
120: ஒண்ணு காணோம், இல்ல மெயின் லைன் கட்
40: மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு, தப்பான மாட்யூல் மாட்டியிருக்கலாம்
0 பக்கம்: ஹையும் லோவும் ஒட்டிக்கிச்சு. மாட்யூலை ஒவ்வொண்ணா கழற்றுங்க, எதைக் கழற்றினா ஏறுதோ அந்தப் பக்கம்

60ஐப் பார்த்து நிம்மதி ஆகிடாதீங்க. வைவாவுல மடக்குற இடம் இதுதான். கிளை வயர் அறுந்திருந்தாலும், ஒரு லைன் மட்டும் எர்த்ல பட்டிருந்தாலும் 60தான். அதனால பேட்டரியை மாட்டி, இக்னிஷன் ஆன்ல எர்த்தோட அளங்க: ஹை 2.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, லோ கொஞ்சம் கீழ நிக்கணும். கேட்வே (நெட்வொர்க்குகளை இணைக்கிற நடு மாட்யூல்) உள்ள வண்டியில 6க்கும் 14க்கும் நடுவுல வர்றது கேட்வே வரைக்கும் உள்ள கதை மட்டும்தான்.

ஸ்கோப் (சிக்னலை அலையா காட்டுற கருவி) இருந்தா நல்லது, ஆனா டேபிள்ல இல்லாததை நினைச்சு ஏங்க வேண்டாம்.

ஸ்கேனரே ஆன் ஆகலையா? கேன் பக்கமே போகாதீங்க. பின் 16ல பேட்டரி வருதா, 4லயும் 5லயும் எர்த் இருக்கா பாருங்க. பல வண்டியில அந்த 16க்கும் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்.