செண்பகாதேவியின் சன்னதிக்கு நீர்வழியே

குற்றாலத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பேரருவியில் நீராடி, குற்றாலநாதரைத் தொழுது திரும்பிவிடுகிறார்கள். நம் தலைமேல் விழும் அதே சிற்றாற்றுத் தண்ணீர், மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்து ஏறும் தொலைவில், செண்பகாதேவி அம்மன் கோயிலை ஒட்டி இன்னோர் அருவியாக இறங்கி வருகிறது என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியாதலால் நினைத்த நாளில் அங்கே ஏற முடியாது. சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பக்தர்களை அனுமதித்தபோதுதான் எனக்கு அந்தப் பேறு வாய்த்தது.

தென்காசியைச் சேர்ந்த உறவினரான பெரியவர் ஒருவர் உடன் வந்தார். சற்றுத் தூரம் வரை தடம் தெளிவாக இருந்தது. அதன்பின் வேரும் பாறையும் பின்னிக் கிடக்க, முந்தைய நாள் பெய்த கோடை மழை ஓரிடத்தில் மண்ணை அரித்துச் சென்றிருந்ததால், தடத்தை விட்டு ஓடையோரப் பாறைகளைப் பிடித்தே ஏற வேண்டியதாயிற்று. மரங்களின் செறிவில் வெயில் தரைக்கு எட்டவில்லை. மேலே கிளைக்குக் கிளை தாவிய மலை அணிலின் செம்பழுப்பு வால் மட்டும் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் தயங்கி நின்றபோது பெரியவர், "தண்ணி சத்தம் கேக்குல்லா? அதைப் புடிச்சே வாங்க" என்றார். அதன்பின் நான் வழியைத் தேடவில்லை; காதைக் கொடுத்து நடந்தேன். அகத்தியர் திருவடி பட்டதாகப் போற்றப்படும் திரிகூட மலையில், நீரே வழிகாட்டியாக நடப்பதும் ஒரு வழிபாடுதான் என்று எனக்குப் பட்டது.

சித்திரையில் அருவி பெருகி விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாரல் காலமாகிய ஆனியும் ஆடியும் வந்தால்தான் அதன் முழு வேகத்தைக் காண முடியும். அன்று பாறை முகத்தில் மெல்லிய வெண்ணிறத் திரையாகவே நீர் வழிந்தது. ஆனால் அந்தக் குறைந்த நீரில்தான் பாறையை அருகில் பார்க்க முடிந்தது: எத்தனையோ காலமாக நீர் தேய்த்து வழவழப்பாக்கிய குழிவுகள், அவற்றின் விளிம்பில் பசும்பாசி, ஒரு குழிவில் தேங்கிய நீரில் சுழன்றுகொண்டேயிருந்த மஞ்சள் செண்பக இதழ் ஒன்று. அதை எடுக்கக் கை நீட்டியவன், அம்மனுக்கு யாரோ சார்த்தியதுபோல் தோன்றவே அப்படியே விட்டுவிட்டேன்.

கோயில் சிறியது. மஞ்சளும் குங்குமமும் சூடிய அம்மனின் முன்னே பெண்கள் குலவையிட, கற்பூர ஒளியில் அந்தத் திருமுகத்தைக் கண்ட கணத்தில், வேண்டிக்கொள்ள என்று மனத்தில் வைத்திருந்தவை எவையும் நினைவுக்கு வரவில்லை. இதற்கும் மேலே தேனருவி இருக்கிறது. பாறைகளில் தேனடைகள் தொங்குவதால் அந்தப் பெயர். அங்கே செல்ல அனுமதி இல்லை. சிலர் அதற்காக வருந்தினார்கள். மனிதர் கால் படாத ஓரிடம் அம்மனுக்கு மேலே இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். அங்கே நாம் விட்டுச்செல்லும் சோப்பு உறையும் எண்ணெய்ப் பொட்டலமும் நேரே அவள் சன்னதிக்கல்லவா வந்து சேரும்?

இறங்கி வந்து, மாலையில் பேரருவியில் நீராடினேன். உச்சியிலிருந்து வரும் நீர் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து பொங்கி, வேகம் தணிந்தே நம்மேல் இறங்குகிறது. காலையில் அம்மனின் அருகே கண்ட தண்ணீர் இதுவே என்ற நினைவில், தலையைக் குனிந்தபடி நெடுநேரம் நின்றிருந்தேன்.

இரவு, சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில் அர்த்தசாம பூஜைக்குக் காத்திருந்தோம். திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தல வரலாறு. அதனால் உண்டான தலைவலி தீர, மூலிகைத் தைலம் சார்த்துகிறார்கள். ஓயாத சாரலில் இருப்பவருக்குக் குளிர் தாக்கிவிடக் கூடாதென்று இரவில் கஷாயமும் நிவேதிக்கிறார்கள். பிள்ளைக்குச் செய்வதுபோல் இறைவனுக்குச் செய்யும் இந்தப் பரிவை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும். திரை விலகியது. வெளியே அருவியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.