ஆர்.சி. பெண், சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை: மேற்றிராசன அனுமதியோடு நடந்த எங்கள் கல்யாணம்

வேலூரில் கிறிஸ்தவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்றுதான் வரும். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர்; சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையார். சி.எம்.சி.யும் ஊரிசு கல்லூரியும் இருக்கிற ஊர். இரண்டு சபைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வேலை பார்த்து, விரும்பிக் கல்யாணம் கேட்பது இங்கே புதிதல்ல. ஆனாலும் யாரிடம் போய் என்ன கேட்பது என்று பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. பயந்துபோய் ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துக்கொண்டு, பிறகு நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க முடியாமல் வருஷக்கணக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அப்படி இன்னொருவர் உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு காட்பாடி, மாப்பிள்ளை வீடு சத்துவாச்சாரி. விஷயம் வெளியே வந்ததும், "மாப்பிள்ளையை முதலில் ஆர்.சி.க்கு மாறச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்று கோயில் வேலை தெரிந்த உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நேராக எங்கள் கோயில் ஃபாதரான பங்குத்தந்தையிடம் போனேன். அவர் நிதானமாக விளக்கினார். யாரும் மாற வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெறாதவரை மணந்தால் மதவேறுபாடு ஒரு தடை. அதற்கு மேற்றிராசனத்தின், அதாவது மறைமாவட்டத்தின், தலைவரான ஆயரிடமிருந்து விலக்கு வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாரை மணக்க அனுமதி போதும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1124-ஆம் எண் இதைத்தான் பேசுகிறது. விண்ணப்பத்தைப் பங்குத்தந்தையே ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவைப்பார். ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வர வேண்டும் என்றார்.

முதல் வேலை சான்றிதழ். அம்மாவிடம் பத்திரமாக இருந்த பழைய ஞானஸ்நான சர்டிபிகேட் செல்லாது. ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்ததுதான் வேண்டும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது பாட்டி ஊரான சேத்துப்பட்டில், லூர்து மாதா கோயிலில். ஆரணி வழியாகப் பஸ் பிடித்து அப்பாவோடு போனேன். அலுவலகத்தில் அந்தப் பெரிய பதிவேட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்கள். என் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஓரத்தில் வேறு மையில் உறுதிபூசுதல் பெற்ற விவரம். அதற்குக் கீழே காலி இடம். கல்யாணம் முடிந்ததும் காட்பாடியிலிருந்து தகவல் போய் அந்த இடத்தில் எழுதப்படும். எந்தத் தடையும் இல்லாதவள் என்பதற்கு அந்த ஓரம்தான் சாட்சி. புதிய சான்றிதழ் எதற்குக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

மாப்பிள்ளை தரப்பில் சி.எஸ்.ஐ. சபையின் ஞானஸ்நானச் சான்றிதழ், மணமாகாதவர் என்று அவர்கள் சபைப் போதகர் கொடுத்த கடிதம். அத்தைக்கு உள்ளூர ஒரு பயம்: "என் பிள்ளைக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பீங்களா ஃபாதர்?" பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரால் கொடுத்த ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்கிறது, அதை இரண்டாம் முறை கொடுக்கவே கூடாது என்று ஃபாதர் சொன்னதும் அவர்கள் முகம் தெளிந்தது.

உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான். படிவத்தில் கத்தோலிக்கர் மட்டும் கையெழுத்துப் போடும் வாக்குறுதி ஒன்று உண்டு: என் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிறக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதியை மாற்றும் வரை இரு தரப்பும் உறுதி கொடுக்க வேண்டியிருந்ததாம். இப்போது மற்றவருக்கு இந்த வாக்குறுதி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பேனாவை எடுத்தேன். "இரும்மா" என்று தடுத்த ஃபாதர், அதை இரு வீட்டார் முன்னிலும் ஒருமுறை நிறுத்தி வாசித்தார்.

மாமா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாங்களும் அதே இயேசுவைத்தானே கும்பிடுறோம்? பேரப்பிள்ளை எங்க சண்டே ஸ்கூலுக்கு வரக் கூடாதா?"

அறையில் யாரும் பேசவில்லை. நான்தான் சொன்னேன். "வரட்டும் மாமா. உங்ககிட்ட வேத வசனம் படிக்கட்டும். ஆனா ஞானஸ்நானமும் புதுநன்மையும் எங்க கோயில்லதான். நாளைக்கு இதை மாத்திப் பேச மாட்டேன், அதனால இன்னிக்கே சொல்லிடறேன்." அவர் அன்று பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்து போன் செய்து, "மறைக்காம சொன்னியே, அது போதும்மா" என்றார். கலப்புத் திருமணம் செய்பவர்கள் இந்தப் பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். குழந்தை கையில் இருக்கும்போது அதே கேள்வி வந்தால் இரண்டு வீடும் உடைந்துபோகும்.

திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு இருவரும் போனோம். இயற்கை முறைக் குடும்பத் திட்டம் பற்றிய வகுப்பில் அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். இருவருக்கும் ஷிப்ட் வேலை, வீட்டுக் கடன் வேறு. திருச்சபை ஏன் கருத்தடையை ஏற்பதில்லை என்று அன்றிரவே நாங்கள் வெளிப்படையாகப் பேச முடிந்தது அந்த வகுப்பால்தான். ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, இரண்டு கோயிலிலும் வாசித்தார்கள்.

எனக்கு மனம் வலித்தது ஒரே இடத்தில். கலப்புத் திருமணச் சடங்கு வழக்கமாகத் திருப்பலி இல்லாமல்தான் நடக்கும். ஆயர் சம்மதித்தால் திருப்பலியோடும் நடத்தலாம்; ஆனால் நான் நற்கருணை வாங்க, அவரும் அவர் வீட்டாரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாண நாளில் அந்தப் பிரிவு வேண்டாம் என்று நாங்களே திருப்பலி கேட்கவில்லை. இன்னும் அதை நினைத்து ஜெபிக்கிறேன். மாமா சத்துவாச்சாரியிலும் இன்னொரு முறை மணச்சடங்கு வைக்க விரும்பினார். சம்மதம் தரும் சடங்கை இரண்டு தடவை நடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் அனுமதி பெற்று அவர்கள் சபைப் போதகரையே எங்கள் கோயிலுக்கு அழைக்கலாம் என்று ஃபாதர் வழி சொன்னார். போதகர் வந்து வேதபாடம் வாசித்து, தாலி கட்டியபின் எங்கள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தார். அத்தை அழுதுவிட்டார்கள்.

இப்போது மகளுக்கு ஞானஸ்நானம் முடிந்திருக்கிறது. ஞானத்தாய் என் அக்கா. நாத்தனாரும் நிற்க ஆசைப்பட்டார்; கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தால், வேறு சபையார் சாட்சியாக உடன் நிற்கலாம். முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள், பதிவேட்டில் சாட்சி என்றே அவர் பெயரையும் எழுதிக்கொள்வார்.