தொப்பியைத் தேடி மூன்று வாரம்

சின்ன வயதில் நாலு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். வாசிப்பு கைவிட்டுப் போய்விட்டது, காது மட்டும் மிச்சம். அதனால்தான் தள்ளுபடியில் 1,900 ரூபாய்க்கு வாங்கிய ஒயர்லெஸ் இயர்பட்ஸில் முதல் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டதுமே குறை தெரிந்துவிட்டது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை இருக்கிறது, இடது முகமான தொப்பியைக் காணவில்லை. ரவையைக் குழைத்து அப்பிப் பதம் பார்த்த இடது பக்கத்திலிருந்து கும்கி என்ற குழைந்த தாழ்ந்த நாதம் உருண்டு வர வேண்டிய இடத்தில், யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஒரு 'டப்'. போதாததற்கு, கஞ்சிராவில் கோத்த காசுகள் குலுங்கும்போதெல்லாம் காதுக்குள் ஊசி.

திருப்பி அனுப்பிவிடு என்றார்கள் வீட்டில். கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம் என்று எனக்கு ஆசை.

முதலில் பழியை புளூடூத் மேல் போட்டேன். ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் புளூடூத் ஆடியோ கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எல்டாக் என்ற உயர்தர கோடெக்கை அமுக்கினேன், அடுத்த நொடியே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. 990 கிலோபிட் வரை போகும் எல்டாக்கைப் போன் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, பட்ஸுக்கும் தெரிய வேண்டும். என்னுடையதற்குத் தெரிந்தது எஸ்பிசி, ஏஏசி இரண்டு மட்டுமே. சரி, அந்த இரண்டுக்குள் வித்தியாசம் உண்டா? அக்கா மகனிடம் போனைக் கொடுத்து, எதில் ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். கோடெக் அத்தியாயம் அன்றோடு முடிந்தது.

அடுத்து, தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர். பட்ஸோடு வந்த ஆப்பில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, ஏற்றும் 'பேஸ் பூஸ்ட்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கியதும் தொப்பி வரவில்லை, மிருதங்கத்தையே அண்டாவுக்குள் இறக்கி வைத்தது போல எல்லாம் கும்மென்று ஆனது. தம்புராகூட வீங்கியது. சத்தமான இடங்களில் கரகரப்பு வேறு. ஈக்வலைசரில் எதையாவது ஏற்றினால், அதே அளவுக்கு மொத்தச் சத்தத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திருப்பம் தற்செயலாக வந்தது. ஒரு மாலை மாடிப்படி ஏறும்போது இடது பட் நழுவியது. விரலால் உள்ளே அழுத்தினேன். அழுத்திய அந்த நொடியில் தொப்பி வந்தது! கையை எடுத்தேன், போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. படியிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் காதுவலியா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் 10 மில்லிமீட்டர் தகடு. ஓர் அறையை அதிரவைக்க அதால் ஆகாது, ஆனால் அடைத்து மூடிய காதுக்குழாயில் இருக்கும் துளிக் காற்றை அழுத்தி விடுவிக்க அது தாராளம். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் முதலில் கசிந்து ஓடுவது தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம்தான். மேல் சுரங்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எனக்குத் தொப்பி மட்டும் காணாமல் போனதும், கஞ்சிரா மட்டும் துருத்திக்கொண்டு நின்றதும் அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமையே சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு, பட்ஸின் வாயில் மாட்டும் ரப்பர்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்திருந்த ஒருவர் கிடைத்தார். "ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் கேக்காதீங்க சார், யாருக்கும் ரெண்டு காதும் ஒண்ணா இருக்காது" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. போட்டுப் பார்த்ததில் இடது காதுக்கு பெரியது, வலதுக்கு நடுத்தரம். கூடவே ஆசைப்பட்டு ஒரு ஜோடி ஃபோம் டிப்பும் வாங்கினேன்.

ஃபோமைக் கசக்கிக் காதுக்குள் வைத்து, விரியும் வரை இருபது நொடி பிடித்திருக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அடைப்பு பிரமாதம். மேல் ஒலியையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் கஞ்சிராவின் குத்தல் பாதி அடங்கியது. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் இடது பட்டில் உயிர் இல்லை. ஃபோம் தடிமனாக இருந்ததால் சார்ஜ் டப்பாவின் மூடி முழுதாக மூடவில்லை, பட் சார்ஜ் முனையைத் தொடவே இல்லை. பிளேடால் ஃபோமைச் சீவிப் பார்த்தேன், கோணலாகி அடைப்பே போய்விட்டது. நம் ஊர் வியர்வையில் நாலே நாளில் அது கறுத்தும் போனது. மறுபடி சிலிக்கானுக்கே திரும்பினேன்.

இரண்டாவது வாரம் வேறு பிரச்சினை. பாடகர் நடுவில் நிற்காமல் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனார். வெளிச்சத்தில் பார்த்தால் வலது பட்டின் வலைக்கண்ணில் காதுக் குறும்பி. ஊசியால் கிளறினேன், அது தப்பு. வலையின் ஒரு மூலை கிளம்பிவிட்டது. அப்புறம்தான் ஒழுங்கான வழிக்கு வந்தேன். வாய் கீழே பார்க்கும்படி பட்டைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் தூள் கீழேதான் விழும். ஸ்பிரிட்டை ஊற்றினால் குறும்பி கரைந்து உள்ளேயே இறங்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. பாடகர் நடுவுக்கு வந்து நின்றார்.

உற்சாகத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பட்ஸில் இருக்கும் நுண்துளைகளை ஒட்டினால் பேஸ் மாறும் என்று கேள்விப்பட்டு, மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பைத் துண்டாக்கி ஒரு துளையின் மேல் ஒட்டினேன். இசையில் ஒன்றும் மாறவில்லை. மறுநாள் போனில் அக்கா, "என்னடா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள். நான் மூடியது மைக்.

மூன்றாவது வாரம் ஈக்வலைசருக்குத் திரும்பினேன், இந்த முறை நிதானமாக. அலைவெண்ணை நாமே நகர்த்தும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, மெதுவாக மேலே ஏற்றினேன். 7,500 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் சுள்ளென்று பாய்ந்தது. பட்ஸுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்று அந்த இடத்தில் ஒத்ததிர்கிறது. பட் எவ்வளவு ஆழமாக உட்கார்கிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். அதனால்தான் அடுத்தவர் ஈக்வலைசர் எண்களை அப்படியே எழுதிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜாக்கோ பசானனின் ஆட்டோ-ஈக்யூ திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன், இயர்போன் மாடல்களுக்கு ஈக்வலைசர் திருத்தங்கள் கிடைக்கின்றன, ஆரம்பிக்க நல்ல இடம்தான். என் மாடல் அதில் இல்லை.

கடைசியில் நின்றது இவ்வளவே: 7,500-இல் 4 டெசிபல் குறைப்பு, 250-இல் 2 குறைப்பு, 60-இல் 2 ஏற்றம், மொத்தத்தில் 3 இறக்கம். ஹெட்ஃபோன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாகப் பலரும் கொண்டாடும் ஹார்மன் வளைவில் பேஸ் இன்னும் தூக்கலாக இருக்கும். சினிமாப் பாட்டுக்கு அது சுகம். கச்சேரிக்கு என் காது ஒப்பவில்லை.

ஒப்பிடும்போது ஒரு பொறியில் பலமுறை விழுந்தேன். சத்தம் கூடினாலே பேஸ் கூடியதாகக் காதுக்குப் படும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்ட சங்கதி இது. ஈக்வலைசரைப் போட்டும் அணைத்தும் பார்க்கும்போது சத்தத்தைச் சமப்படுத்தினேன். அப்படிச் செய்ததும் என் 'கண்டுபிடிப்பு'களில் பாதி காணாமல் போயின. மேலே சொன்ன நாலும் தப்பிப் பிழைத்தவை.

நேற்று அதே தனி ஆவர்த்தனத்தை மறுபடி போட்டேன். கும்கி உருண்டு, இழுபட்டு, தேய்ந்து முடிகிற வால் வரைக்கும் கேட்டது. பெருமை தாங்காமல் அக்கா மகனைக் கூப்பிட்டு இரண்டையும் அவன் காதில் மாட்டிவிட்டேன். அரை நிமிடம் கேட்டான்.

"பேஸே இல்லையே மாமா."

சின்ன ரப்பர் போட்ட டப்பாவை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.