வேலி, தோட்டம், ஊர்

ஜெர்மன்ல ட்ஸவுன்னா வேலி. டச்சுல அதே வார்த்தைக்கு அர்த்தம் தோட்டம், உச்சரிப்பு டவுனுக்கும் டைனுக்கும் நடுவுல வரும். இங்கிலீஷ்ல அது டவுன், அதாவது ஊர்! மூணும் ஒரே வேர்ல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்ங்க.

மொதல்ல அது வேலி, இல்லன்னா வேலி போட்டு அடைச்ச இடம், ஜெர்மன்காரங்க வேலியோடயே நின்னுட்டாங்க, டச்சுக்காரங்க வேலிக்கு உள்ள இருக்குற தோட்டத்த புடிச்சுக்கிட்டாங்க, இங்கிலீஷ்ல அது பண்ணை வீடாகி, கிராமமாகி, கடைசில டவுனே ஆயிடுச்சு. பிரைட்டன்ங்கிற ஊர் பேர்ல கடைசில வர்ற டன் கூட இதேதான், பேர்த்ஹெல்ம்னு ஒருத்தரோட பண்ணைன்னு அர்த்தம். ஐஸ்லாந்துல டூன்னா வீட்ட ஒட்டி இருக்குற, தீவனத்துக்கு புல்ல அறுத்து காயவைக்கிற புல்வெளி.

அது சரி, ஜெர்மன்ல மட்டும் ஏன் ட்ஸ? அங்க வார்த்தையோட மொத எழுத்தா இருந்த ட பெரும்பாலும் ட்ஸ ஆயிடுச்சு. இங்கிலீஷ் டென், டச்சு டீன், ஜெர்மன் ட்ஸேன். நாக்குக்கு டங், டொங், ட்ஸுங்ஙெ. இந்த மாதிரி ஒலி மாற்றத்துக்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்குன்னு 1822லயே விரிவா எழுதி வச்சவர், தேவதைக் கதைகள் தொகுத்த அதே யாக்கோப் கிரிம்!