இனிஷியல் மாறவில்லை

என் பெயர் ‘ச’வில் தொடங்குகிறது. என் மனைவியின் முதல் கணவர் பெயரும் ‘ச’தான். ஆகவே அவர் மகளான பெரியவளை நான் தத்தெடுத்தாலும் அவளுக்கு இனிஷியல் மாறப்போவதில்லை. “பிறகு எதற்கு இந்த அலைச்சல்?” என்று அண்ணன் கேட்டார்.

அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது அவள் அப்பா விபத்தில் போய்விட்டார். ஐந்து வயதில் நான் வந்தேன். இப்போது பன்னிரண்டு. என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். சட்டத்தின் கணக்கிலோ நான் அவள் அம்மாவின் கணவன், அவ்வளவுதான். உயில் எழுதாமல் நான் கண்ணை மூடினால் வாரிசுச் சான்றிதழில் மனைவி, என் அம்மா, எங்கள் சின்னவள் ஆகியோர் பெயர்கள் இருக்கும். பெரியவள் பெயர் இருக்காது. அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன்.

முதலில் ஒரு பத்திர எழுத்தரிடம் போனோம். வயதுகளைக் கேட்டார். பெண் பிள்ளையை ஆண் தத்தெடுத்தால் 21 வயது இடைவெளி வேண்டும், எங்களுக்குள் 29. பிள்ளைக்கு 15 நிறைந்திருக்கக் கூடாது, சரி. பிறகு, “உங்களுக்கு வேறு பெண் குழந்தை உண்டா?” என்றார். உண்டு, நான்கு வயது. பேனாவை மூடி வைத்துவிட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகள் உள்ளவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. சின்னவள் பையனாகப் பிறந்திருந்தால் தடையே இல்லை! இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் வழி இருந்தது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நானும் மனைவியும் பதிவு செய்தோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பம் ஆட்சியருக்குப் போகிறது. முன்பு நீதிமன்றம் தந்த உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரே தருகிறார். பெற்ற தகப்பன் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும்; விவாகரத்து ஆனவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் முடிச்சு விழும். நாங்கள் இறப்புச் சான்றிதழை வைத்தோம்.

“மாற்றாந்தகப்பன் என்று எழுதிவிட்டுப் போங்களேன்” என்றார் ஓர் உறவினர். வேறொரு குடும்பத்தில், இறந்த தகப்பனின் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஆவணங்களில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் அதைக் கொடுமை என்று சொல்லி ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்து உறவினரிடம் கொடுத்தேன். படித்தாரா, தெரியாது.

எனக்கு உண்மையில் பயமாக இருந்தது முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பாட்டியை நினைத்துத்தான். பெரியவளின் அப்பாவைப் பெற்றவர். திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். “தத்துக் கொடுத்துவிட்டால் பேத்திக்கு இங்கே பங்கு கிடையாதாமே தம்பி?” என்றார். யாரோ ஓதியிருக்கிறார்கள். உள்ளே போய், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த வாரிசுச் சான்றிதழை எடுத்து வந்தார். மூன்று பெயர்கள்: தாய், மனைவி, மகள். மகன் சொந்தமாக வாங்கிய முக்கால் ஏக்கர் அவர் இறந்த அன்றே மூவருக்கும் சமமாகச் சேர்ந்துவிட்டது. தத்துக்கு முன் சேர்ந்தது தத்துக்குப் பின்னும் அவளுடையதுதான் என்று சொன்னேன். பாட்டியின் முகம் தெளிந்தது.

மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள்: “ஆனால் அத்தை, உத்தரவு வந்துவிட்டால் சட்டப்படி அவள் உங்கள் பேத்தி இல்லை. உங்கள் பங்கு தானாக அவளுக்கு வராது.”

பாட்டி பேசவில்லை. நான்கைந்து புளியைக் கோதிப் போட்டார்.

“தானாக வராவிட்டால் என்ன, நான் எழுதி வைக்கிறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இனிஷியலை மட்டும் எடுத்துவிடாதீர்கள் தம்பி.”

“எடுக்க முடியாது அம்மா. என் பெயரும் ச தான்.”

போன மாதம் உத்தரவு வந்தது. புதிய பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் என்ற இடத்தில் நான் இருக்கிறேன். பழையதை மனைவி அதே கோப்பில், அதற்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். அடுத்த புதன்கிழமை பாட்டியின் உயிலைப் பதிய வேண்டும். அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போக நான்தான் போகிறேன்.