கொம்பும் காலும்

2001இல் நான் தட்டச்சு செய்து வைத்த அம்மாவின் சமையல் குறிப்புகள் பழைய சிடி ஒன்றில் கிடைத்தன. திறந்தால் ஒரே கிறுக்கல். அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீடு. அந்த எழுத்துரு இப்போது என்னிடம் இல்லை.

இன்று எல்லா எழுத்துருக்களுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் ‘கொ’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது முதலில் ‘க’, அப்புறம் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. ஆனால் தாளில் இருந்த தரம் நம் திரைக்கு வர, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் வேண்டியிருந்தது. அவர்களுக்கு மனதார நன்றி.

அம்மாவின் குறிப்புகளை, பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் திறமூல எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே வத்தக்குழம்பு வந்துவிட்டது!